ஒரு அடி கழித்த நாடா

சேர்,

இன்று காலை அலுமாரியில் இருந்து உங்கள் அளவு நாடாவை எடுத்தேன். தோல் உறையைத் திறந்ததும் உங்கள் முழங்கால் தைலத்தின் மணம் குப்பென்று மூக்கில் ஏறியது. நீங்கள் கரையில் எங்கே நின்றாலும் காற்று முதலில் அந்த மணத்தைத்தான் கடைக்குக் கொண்டுவரும். "வாறார் உன்ர எமன்" என்று குசினிக்குள் இருந்து இவர் குரல் கொடுப்பார். இவர் என்றால் வேறு யார், என் வீட்டுக்காரர்தான்.

நாடாவை எடுக்க வைத்தவர் கிண்ணியா நானா. இத்தனை வருடமாக எங்கள் சோற்றுக் கடைக்கு மீன் தருகிற அதே நானா. பக்கத்துக் காணித் துண்டில் வலை வைக்க ஒரு வாடி போடப் போகிறாராம், சீமெந்துத் தளத்தோடு. அனுமதி கேட்டு அரசாங்கக் கந்தோருக்கு எழுத முதல் அளந்து பார்க்க வேண்டும் என்று வந்து நின்றார். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் உங்களோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது.

கரையோரச் சட்டம் பார்க்கிற அதிகாரியாக முதன்முதல் நீங்கள் வந்த நாள் எனக்கு நல்ல ஞாபகம். கையில் கறுப்புக் குடை, கடற்கரையில் நடப்பதற்குப் பளபளவென்று சப்பாத்து. கடை வாசலுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றினீர்கள். உள்ளே போன மணலை வாசலிலேயே தட்டுவீர்கள் என்று பார்த்தால், ஒரு கையில் ஒரு சப்பாத்தாகப் பிடித்துக்கொண்டு திரும்ப நடந்து போய்க் கரையில் கொட்டிவிட்டு வந்தீர்கள். "கரை மணல் கரையிலதான் கிடக்க வேணும், தங்கச்சி" என்றீர்கள். இந்த மனுஷனோடு ஒன்றும் சரிவராது என்று அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

கடலோரத்தில் செடி முடிகிற இடத்தில் இருந்து நாற்பதடி, அதுதான் எங்கள் துண்டுக்குப் போட்ட எல்லை. அதற்குள் கல்லும் சீமெந்தும் வரக் கூடாது. அதுதான் சட்டம் என்று சொல்லிவிட்டு நாடாவை இழுத்தீர்கள். நாடாவின் முதல் அடி எப்போதோ அறுந்து போயிருந்தது. ஒன்று என்ற இலக்கத்தில் இருந்துதான் அது தொடங்கும். ஆனபடியால் எதை அளந்தாலும் கடைசியில் ஒன்று கழிப்பீர்கள்.

"முப்பத்தைஞ்சு. ஒண்டு கழிச்சா முப்பத்திநாலு. குசினி ஆறடி உள்ளுக்கு நிக்குது, தங்கச்சி. எடுக்க வேணும்."

"அரசாங்கத்தில ஒரு முழு நாடா கூட இல்லையோ சேர்?"

"கேட்டு எழுதினனான். வரும்."

நீங்கள் பென்சன் எடுக்கும் வரைக்கும் அது வரவில்லை.

எங்கள் குசினியே எட்டடி. ஆறடியை எடுத்தால் மிச்சம் இரண்டடியில் அடுப்பு நிற்கும், நான் எங்கே நிற்பது? பின்னால் தள்ளிக் கட்டலாம் என்றால் அங்கே கடை, அதற்கு அங்கால் தார் றோட்டு. தோணியில் போக இவருடைய இடுப்பு விடாது என்று ஆனபிறகு அந்தக் குசினிதான் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது. அழுது பார்த்தேன். கத்திப் பார்த்தேன். ஒரு பிளேன் ரீயாவது குடியுங்கோ என்று கெஞ்சியும் பார்த்தேன். "ஃபைல் மூடுற வரைக்கும் உங்கட கடையில தண்ணியும் குடிக்க மாட்டன்" என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டீர்கள்.

குடிக்காமல் விட்டதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கரையில் வேலை இருக்கிற நாட்களில் எல்லாம் மத்தியானம் எங்கள் கடைக்கு நேர் முன்னால் பேப்பரை விரித்து, குடையை மடக்கி நட்டு, வீட்டில் இருந்து கொண்டுவந்த புட்டுப் பார்சலை அவிழ்ப்பீர்கள். கரையில் அந்த ஒரு பூவரசின் கீழேதான் நிழல், அதற்கு நான் என்ன செய்ய என்பீர்கள். வெளியூரில் இருந்து வான் பிடித்து வந்த ஆட்கள் உங்களைப் பார்ப்பார்கள், என் கடையைப் பார்ப்பார்கள். "கவர்மெண்ட் ஆளே உள்ளுக்குப் போய்ச் சாப்பிடேல்ல, வாங்கோ போவம்" என்று வானில் ஏறிவிடுவார்கள். குசினியை உடைக்க முதலே கடையை மூட வைத்துவிடுவீர்களோ என்று நான் பயந்துபோனேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. செடி முடிகிற இடத்தில் இருந்துதானே அளவு? குசினியைத் தள்ள ஏலாது. செடியைத் தள்ளலாம்.

மணலில் படர்கிற அடம்பன் கொடியை அங்கால் இங்கால் இருந்து வெட்டிக்கொண்டு வந்து கடல் பக்கமாக நட்டேன். அரிசி கழுவின தண்ணீர், மீன் கழுவின தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். அடம்பனுக்குத் தண்ணீர் ஊற்றின மனுஷியை இந்தக் கரை அதற்கு முன் கண்டதில்லை. நானா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "என்ன தங்கச்சி, அடுத்த கிழமை கடலுக்கும் தண்ணி ஊத்துவீங்களா?" என்று கேட்டுச் சிரிப்பார். சிரித்தால் சிரிக்கட்டும். கொடி பிடித்தது. எட்டடி முன்னுக்குப் போய் ஊதாப் பூவும் பூத்தது.

நீங்கள் வந்தீர்கள். குடையை மடக்கினீர்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து ஒரு இலையைக் கிள்ளி மணந்து பார்த்தீர்கள்.

"மீன் மணக்குது."

"கடற்கரை தானே சேர்."

"இது தானா வந்ததோ?"

"ஓம் சேர். கடவுள் செயல்."

நீங்கள் நிமிர்ந்து நின்று கொடியை இந்தத் தலையில் இருந்து அந்தத் தலை வரைக்கும் பார்த்தீர்கள். "கடவுள் வரிசையில நடுறேல்லையே, தங்கச்சி."

அப்போதுதான் நானும் பார்த்தேன். ஐயோ! நான் ஈச்சிலம்பற்றில் மிளகாய்த் தோட்டத்துக்குள் வளர்ந்த பிள்ளை. கை தன் பாட்டுக்கு வேலை செய்திருக்கிறது. ஒரு முழத்துக்கு ஒரு கன்று, நூல் பிடித்த மாதிரி எட்டு வரிசை, நடுவில் நான் நடக்க வரம்பு வேறு. உலகத்தில் எந்தக் கடற்கரையில் அடம்பன் பாத்தி கட்டி வளர்ந்திருக்கிறது?

வாய் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு எண்டு சொல்லுவினம் சேர்" என்றேன்.

"திரண்டால் எண்டுதான் சொன்னவை. வரிசையில நிண்டால் எண்டு சொல்லேல்லை."

பிடுங்கச் சொல்லப் போகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கிள்ளின இலையைக் கரையிலேயே போட்டீர்கள். "நிலைச்ச செடி எண்டுதான் சட்டத்தில கிடக்கு. இது நிலைக்குமோ எண்டு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மாரி முடிய வாறன். மாரி விட்டு வைச்சால் அது செடி" என்றீர்கள். நான் கும்பிட்டேன். அதற்கும் குடையை விரித்துவிட்டு நடந்துவிட்டீர்கள்.

அந்த மாரியை நான் எப்படிக் கழித்தேன் என்று கேளுங்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன். நானாவிடம் பழைய வலை வாங்கி, கொடிக்கு மேலே விரித்து, நாலு பக்கமும் முளை அடித்தேன். அலை பெரிதாக வந்தால் மழைக்குள் ஓடிப்போய் வலையின் மேல் ஏறி நிற்பேன். இவர் வாசலில் நின்று, "கடல் உன்னையும் சேத்துக் கொண்டு போனால் குசினி எனக்கெதுக்கடி?" என்று கத்துவார். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன ஒரே அன்பான வார்த்தை அது.

மூன்று வரிசையைக் கடல் எடுத்தது. ஐந்து வரிசை நின்றது.

தை மாதம் நீங்கள் வந்தபோது நாடாவின் நுனியை என் கையில் தந்து செடியடியில் பிடிக்கச் சொன்னீர்கள். நீங்கள் சுவரடிக்குப் போனீர்கள். நான் நுனியைப் பார்க்கவில்லை, உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"முப்பத்தொம்பது" என்றீர்கள். "ஒண்டு கழிச்சா முப்பத்தெட்டு. ரெண்டடி எடுக்க வேணும்."

"ரெண்டடி தானே சேர்! ரெண்டடியில என்ன வந்துது?"

"கடலும் ரெண்டடி தானே எண்டு சொல்லித்தான் வரும், தங்கச்சி."

அடுத்த நாள் இவர் சுவரை உடைக்க அலவாங்கு எடுத்தார். கன்னத்தில் அடித்த மாதிரி ஒவ்வொரு கல்லாக விழுந்தது. நான் பார்க்க மாட்டேன் என்று கடைக்குள் போய் இருந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தைல மணம் வந்தது. எட்டிப் பார்த்தால் நீங்கள் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, காற்சட்டையை முழங்கால் வரைக்கும் மடித்துவிட்டு, இவரோடு சேர்ந்து கல் சுமந்துகொண்டு நிற்கிறீர்கள். புதுச் சுவர் எழும்பி, ஃபைலில் கையெழுத்து வைத்த அன்று மத்தியானம் கடைக்குள் வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தீர்கள். "சோறு போடுங்கோ" என்றீர்கள். மீன் குழம்பும் தேங்காய்ப்பால் சொதியுமாகப் போட்டேன். சாப்பிட்டு முடித்துவிட்டு என்ன சொன்னீர்கள்? "சொதியில உப்புக் கூட."

அதன் பிறகு எங்கள் குசினி ஆறடிதான். ஒரு பக்கம் அடுப்பு, மறு பக்கம் பலகை, நடுவில் இவருடைய வயிறு. ஒருவர் உள்ளே போனால் மற்றவர் வெளியே வர வேண்டும். சண்டை பிடிக்க வேண்டும் என்றால் ஒருவர் வெளியே நின்று பிடிக்க வேண்டும். ஆகவே எங்கள் சண்டை முழுக் கரைக்கும் தெரிந்த சண்டையாகிவிட்டது. பென்சன் எடுத்த பிறகு தினமும் வந்து அதே கதிரையில் இருந்து அந்தச் சண்டைக்கு நீங்கள் தீர்ப்பு வேறு சொல்வீர்கள். எப்போதும் இவர் பக்கம்தான். சொதியில் உப்பு எப்போதும் கூடத்தான்.

போன ஆவணியில் நீங்கள் போய்விட்டீர்கள். லிங்கநகரில் உங்கள் செத்தவீட்டுக்கு வந்தனான். அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். உங்கள் காலடியில் அந்தச் சப்பாத்தைக் கண்டதும் பொங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா முதுகைத் தடவி, "சொந்தமோ பிள்ளை?" என்று கேட்டா. "இல்லையம்மா. எங்கட குசினியை உடைச்சவர்" என்று சொல்லிவிட்டு இன்னும் பெரிதாக அழுதேன். அந்த அம்மா கையை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி இருந்தா.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சில நாளில் உங்கள் மனைவி கடைக்கு வந்தா. இந்த நாடாவை என்னிடம் கொடுக்கச் சொல்லியிருந்தீர்களாம். ஆசையோடு வாங்கி விரித்தேன். நுனியில் ஒரு அடி நீளத்துக்கு வெள்ளைத் துணி, பொடித் தையலில், அங்குலக் கோடு எல்லாம் மையால் போட்டு.

"இது என்னக்கா?" என்றேன்.

"அறுந்த துண்டுக்கு என்ர சீலைக்கரையில தைச்சுக் குடுத்தனான். எப்பவோ."

"எப்ப அக்கா? சொல்லுங்கோ."

"உங்கட குசினி உடைக்க முந்தி வந்த அந்தப் பெரிய மாரிக்கு முதல்."

துணியைத் திரும்பக் கையில் எடுத்துப் பார்த்தேன். தை மாதம் செடியடியில் என் விரலுக்குள் நான் பிடித்துக்கொண்டு நின்றது துணி! அன்றைக்கு நாடா முழு நாடா. முப்பத்தொன்பது என்றால் முப்பத்தொன்பதுதான். நீங்கள் பழைய பழக்கத்தில் இன்னும் ஒன்று கழித்திருக்கிறீர்கள். ஒரு அடி உடைக்க வேண்டிய இடத்தில் இரண்டடி! இத்தனை வருடம் இவருடைய வயிற்றோடு நான் முட்டுப்பட்டது உங்களுடைய கழித்தல் பிழையால்!

"இனிக் கழிக்கத் தேவையில்லை எண்டு அவருக்குச் சொன்னீங்களோ?"

"சொன்னனான். ஓம் ஓம், தெரியும் எண்டார். காதில விழுந்துதோ இல்லையோ, ஆருக்குத் தெரியும்" என்று அவ கண்ணைத் துடைத்தா. அவவிடம் நான் என்ன சண்டை பிடிக்க? நாடாவை அலுமாரிக்குள் எறிந்தேன். அன்று முழுக்க உங்களைத் திட்டித் திட்டியே தேங்காய் துருவினேன். இறங்கி வாங்கோ சேர், வந்து அந்த ஒரு அடியைத் தந்துவிட்டுப் போங்கோ என்று.

கார்த்திகையில் கடல்தான் வந்தது.

காற்று இரண்டு நாள் நிற்காமல் அடித்தது. மூன்றாம் நாள் காலையில் குசினிக் கதவைத் திறந்தேன். கொடியில் பாதி இல்லை. மிச்சக் கொடியின் வேர்கள் மணலைப் பிடித்தபடி பள்ளத்துக்குள் தொங்கின. நாங்கள் உடைத்த பகுதியின் பழைய அத்திவாரக் கல் அந்தப் பள்ளத்துக்குள் தலைகீழாகக் கிடந்தது. சுவருக்கும் பள்ளத்துக்கும் இடையில் கையை வைத்து அளந்து பார்த்தேன். ஒரு சாண். அந்த ஒரு அடி எனக்குக் கிடைத்திருந்தால் சுவரும் அடுப்பும் அந்தக் கல்லோடு கிடந்திருக்கும். இவர் பின்னால் வந்து நின்றார். இரண்டு பேருக்கும் அங்கே நிற்க இடமில்லை, ஆனாலும் நின்றோம்.

பிழையாகக் கழித்தீர்களோ, தெரிந்து கழித்தீர்களோ சேர்? உங்களை இதைக் கேட்க ஏலாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. சொதியில் நான் உப்பைக் குறைத்து இரண்டு மாதமாகிறது. குறைந்துவிட்டது என்று சொல்லவும் ஆளில்லை.

சரி, இன்று காலைக் கதை. நானா தன் துண்டில் வாடியின் மூலை வருகிற இடத்தில் முளை அடித்து வைத்திருந்தார். செடியடியில் துணி நுனியை அவரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, நான் முளையடிக்குப் போய் நாடாவைப் பார்த்தேன். சரியாக நாற்பது.

"எவ்வளவு தங்கச்சி?"

"நாற்பது. ஒண்டு கழிச்சா முப்பத்தொம்பது."

நானா கையில் இருந்த துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாடா முழுசாத்தானே கிடக்கு? பின்ன என்னத்துக்குக் கழிக்கிறீங்க?"

"சேரின்ர நாடாவுக்கு ஒண்டு கழிக்க வேணும், நானா. அப்பிடித்தான்."

நானா முளையைப் பிடுங்கி ஒரு அடி உள்ளே தள்ளி அடித்தார், ஒவ்வொரு அடிக்கும் உங்களைத் திட்டிக்கொண்டு.