வெள்ளிக் கால்சட்டையும் ஒட்டுமீசையும்

பிரான்வின்,

இன்றைய பள்ளி நிதி விருந்தின் எழுபதுகள் வேடத்துக்கு நீ போடவிருந்த வெள்ளிக் கால்சட்டையை இஸ்திரி போட்டேன். இடது முழங்கால் துணி உருகி இஸ்திரிப் பெட்டியோடு வந்துவிட்டது. என்னுடையதிலும் அதே இடத்தில் வெட்டிவிட்டேன். எழுபதுகளில் எல்லாரும் இப்படித்தான் திரிந்தார்கள் என்று சாதிப்போம்.

நாற்காலி போட முன்னால் போகிறேன். பள்ளிக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு அதுதான் வேலையாம். நம் மேசைக்கான லாமிங்டன் கேக் ஃப்ரிட்ஜில் இருக்கிறது, எடுத்து வா. நம் குட்டி டில்லியைப் பார்த்துக்கொள்ள பக்கத்து வீட்டு நரெல் ஆறு மணிக்கு வருவார்.

வருவாய்தானே? நேற்று, "நான் வரல, நீயே போய் ஆடு" என்றாய். என் ஒட்டுமீசைதான் காரணம் என்று நினைத்தேன்.

ரோரி

பி.கு.: டில்லியிடம் கேட்டேன். "மீசை இல்லப்பா. அங்க யாரையும் தெரியாதேன்னு அம்மாவுக்குப் பயம். ஸ்கூல்ல முதல் நாள் எனக்காக வாசல்ல நின்னல்ல, அதே மாதிரி அம்மாவுக்கும் நில்லு" என்றாள். வாசலில் நிற்பேன்.