செவலைச் சேவல் போன வீடு

தொண்டாமுத்தூர்
தாது வருஷம் ஐப்பசி மாதம் 12

ரங்கூனில் இருக்கும் சிரஞ்சீவி தம்பிதுரைக்கு உன் அப்பன் பாலுசாமி ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் மாடு கன்றுகளும் சௌக்கியம், அங்கே உன் உடம்பும் அப்படியே இருக்க வேண்டுமென்று தினமும் நினைத்துக்கொள்கிறோம். மேற்குத் தோட்டத்துச் சோளத்தை யானை இரண்டு தரம் மிதித்துவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான்.

நீ விட்டுப்போன இரண்டு சேவல்களையும் விற்றாலும் சரி, அறுத்தாலும் சரி, இனி அந்தப் பேச்சே வேண்டாம் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. தை மாதச் சேவல்கட்டில் நம் பண்ணையத்துச் சின்னான் செவலையைப் பிடித்திருக்க, நீ அதன் காலில் கத்தி கட்டினாய், கயிற்றை இறுக்கி முடிச்சுப் போடுமுன் அது உதறியதில் அவன் வலது கை நரம்பு அறுந்தது, அடுத்த மாதமே நீ கப்பலேறினாய். கத்தி கட்டியது நாம், சேவல் என்ன பாவம் செய்தது? யாரிடமாவது வளர்க்கக் கொடுக்கலாமென்றால், முட்டையிடும் கோழியைக் கேட்க ஊரே வரும், சேவலுக்கு யார் வருவார்கள். வந்த நாலு பேரும் வெள்ளையைத்தான் தூக்கிப் பார்த்தார்கள். நெஞ்சைத் தடவுகிறவன் குழம்புக்குக் கேட்கிறான், காலைத் தடவுகிறவன் கட்டுக்குக் கேட்கிறான் என்று கண்டுகொண்டு, எல்லோரையும் மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன். உன் பெரியப்பா நெஞ்சு, கால் இரண்டையும் தடவினார்.

முருகன் கொடியில் இருக்கிற பறவையை யார் தொடுவார்கள் என்று நம்பி வெள்ளையை மலைக்கோயில் ஒன்றில் நேர்ந்து விட்டுவிட்டு வந்தேன். பதினைந்து நாள் கழித்து அவிநாசிச் சந்தையில் ஒருவன் கூடையிலிருந்து அதே வெள்ளை எட்டிப் பார்க்கிறது. கேட்டால், கோயிலில் ஏலம் எடுத்ததுங்க என்கிறான். விட்டுவிட்டு வருவது வேறு, இடம் பார்த்து வைப்பது வேறு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. திரும்ப வாங்கி மேட்டுப்பாளையம் கொண்டுபோனேன். பாக்கு மண்டி ரசாக்கின் அக்கா ரம்ஜான் பீவி பத்துப் பெட்டை வைத்திருக்கிறார், இருந்த சேவலைக் கீரி கொண்டுபோய்விட்டதாம். கையில் வாங்கியதும் அவர் கேட்டது, இது என்ன தீனி திங்குமுங்க, எங்க அடையுமுங்க என்றுதான். கொடுத்துவிட்டேன். போன வாரம் போய்ப் பார்த்தேன், கூரைமேல் நின்றுகொண்டு என்னைத் தெரியாதது மாதிரி இருந்தது.

செவலையை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை, ஆள் கையை அறுத்த சேவல் ஆகாது என்றார்கள். வெள்ளிக்கிழமை சின்னானே வந்து வாசலுக்கு வெளியே நின்று, பண்ணாடி, அந்தச் செவலைய எனக்குக் குடுங்க என்றான். இடது கையால் அணைத்து எடுத்து, மடங்காத வலது கை விரலால் அதன் காலைத் தடவினான். இவனும் காலைத் தடவுகிறானே என்று எனக்குப் பகீரென்றது. கத்திக் கயிறு இறுக்கிய இடத்தைக் காட்டி, இதுக்குந் தழும்பு உளுந்துபோச்சுங்க, பாவம், அதுக்கென்னங்க தெரியும் என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சேவலை வாங்கிக்கொண்டு போகும்போது திரும்பி நின்று, சின்னப் பண்ணாடி சொகமுங்களா, காயிதத்துல என்னையப் பத்தி ஏதாச்சுங் கேட்டுதுங்களா என்றான். நீ எழுதிய மூன்று கடிதத்திலும் அவன் பெயர் இல்லை. கேட்டிருக்கிறான் என்று பொய் சொன்னேன். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆகையால் கண்ணு, அடுத்த கடிதத்தில் அவனுக்கென்று நாலு வரி எழுது. நான் அவன் குடிசைக்கே போய் வாசித்துக் காட்டுகிறேன், உன் பெரியப்பா சிரித்தால் சிரிக்கட்டும். எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு. நோய் நொடியில்லாமல் நீடூழி இருக்க உன் அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். தைக்கு வருவதானால் முன்கூட்டியே தெரிவி. கோயமுத்தூர் ரயிலடிக்கு வண்டி கொண்டுவருவது சின்னான்தான். இப்போது இடது கையால் ஓட்டுகிறான்.

இப்படிக்கு,
உன் அப்பன்
செ. பாலுசாமி