பெரிய தண்ணி

மச்சான்,

மருமகன் இன்று காலையில் சந்தையிலிருந்து கெராங் சிப்பி வாங்கிவந்தான். கழுவாத சிப்பி. பையைச் சமையலறைத் தொட்டியில் கவிழ்த்ததுதான் தாமதம், அந்தச் சேற்று வாடை நேராக என் கட்டிலுக்கே வந்துவிட்டது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் ஆழமாக மூச்சை இழுத்தேன். நம் ஆற்றின் வாடை.

ஈப்போவில் மகளின் மூன்றாம் மாடி வீட்டில் கிடக்கிறேன். மின்தூக்கி கிடையாது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டேன். எலும்பு கூடிவிட்டதாம். இனி எழுந்து நடக்காவிட்டால் எப்போதுமே நடக்க முடியாது என்று மருத்துவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். எனக்குக் காலை ஊன்றப் பயம். சன்னல் வழியாக எதிர் அடுக்குமாடியின் துணிக்கொடிகள் தெரிகின்றன. எந்த வீட்டில் என்றைக்குத் துணி துவைப்பார்கள் என்பது இப்போது எனக்கு மனப்பாடம். சிரிக்காதே.

பாகான் செராய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தை முதலாளி விற்று, நம்மை வெளியே அனுப்பியபோது நீதான் என்னை ஆற்றுக்கு இழுத்துவந்தாய். பால்மரம் சீவிய கைகளுக்குக் கட்டை ஏற்றுகிற வேலை. சதுப்புக் காட்டில் வெட்டிப்போட்ட பாக்காவ் மரக் கட்டைகளைப் படகில் ஏற்றி, கரிச்சூளைக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும். எனக்கு நீச்சல் தெரியாது என்றேன். "சேத்துல எங்கலா நீச்சல்? விழுந்தா நிப்பே, அவ்ளோதான்" என்றாய். அந்தச் சேற்றில் விழுந்தவன் நிற்க மாட்டான், இறங்கிக்கொண்டே போவான் என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டேன்.

பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறி வரும் பெரிய தண்ணியில்தான் குறுகிய கிளையாறுகளுக்குள் படகு போகும். போன தண்ணியிலேயே திரும்பிவிட வேண்டும். மறுநாளிலிருந்து ஏற்றம் குறைந்துகொண்டே வரும். இது உனக்குத் தெரியாததா? ஆனாலும் அன்றைக்கு உள்ளே நல்ல கட்டை குவிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஏத்திக்கலாம்லா, தண்ணி நிக்கும்" என்றாய். தண்ணி நிற்கவில்லை. சேற்றில் மாட்டி நாம் நின்றோம். அடுத்த பெரிய தண்ணி அமாவாசைக்குத்தான்.

கட்டையைத் தூக்கிப் போட்டுப் பாரத்தைக் குறைக்கலாம் என்றேன். கொதித்துவிட்டாய். "பச்சப் பாக்காவ் மெதக்காது மச்சான்! போட்டா அடியில போயி நம்ம வழியத்தான் அடைக்கும்." கரையில் இறக்கலாம் என்றால் கரையே இல்லை, வேரும் சேறும்தான். வளைவுக்கு அந்தப்பக்கம் பெரிய ஆறு. மீன்படகுகள் ஐஸ் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போகிற சத்தமும் திரும்பி வருகிற சத்தமும் கேட்கும். ஒரு படகும் கண்ணுக்குத் தெரியாது. மீன் விலையைப் பற்றி யாரோ கத்திப் பேசிக்கொண்டு போவதுகூடக் கேட்கும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

நண்டுக்கூடை வைக்க வந்த சீனக் கிழவர் தன் சின்னச் சம்பான் தோணியில் அரிசியும் கருவாடும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார். ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது, ஏறிக்கொள் என்று என்னைக் கூப்பிட்டார். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். "போறதுன்னா போ. ஆனா ஒரு ஆளா படக ஆட்ட முடியாது" என்று மட்டும் சொன்னாய்.

அதுதானே நம் வேலை. பாரப் படகைச் சேறு பிடித்துக்கொண்டால் தண்ணீர் ஏறும்போது படகு எழும்பாது. தண்ணீர்தான் விளிம்பைத் தாண்டி உள்ளே வரும். அதனால் ஒவ்வோர் ஏற்றத்துக்கும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நடந்து, படகை ஆட்டிச் சேற்றைத் தளர்த்த வேண்டும். சம்பானில் ஏறாமல், உன்னைத் திட்டிக்கொண்டே உன்னோடு இருந்துவிட்டேன். பாசத்தால் என்று அன்று சொல்லவில்லை, இன்று சொல்கிறேன்.

அமாவாசைத் தண்ணி மடமடவென்று ஏறியது. படகு அசையவில்லை. விளிம்புக்கு ஒரு விரல்கடைதான் மிச்சம். நான் கட்டைமேல் உட்கார்ந்து சாமியைக் கூப்பிட ஆரம்பித்தேன். "ஒக்காராதலா! எந்திரி! சேர்ந்து அந்தப் பக்கம்! இப்ப இந்தப் பக்கம்!" உன் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தண்ணீர் என் காலைத் தொட்ட பிறகுதான் அடியில் பெரிய உறிஞ்சல் சத்தம் கேட்டது. படகு துள்ளியது. "விட்டுருச்சிலா!" என்று காடே அதிரக் கத்தினாய்.

வயதான பிறகு, கமுந்திங்கில் உன் மகன் வீட்டில் நீ பக்கவாதத்தில் ஒரு பக்கம் செயலற்றுக் கிடந்தபோது வாரம் தவறாமல் பஸ் ஏறி வந்தேன். முதுகில் புண் வந்துவிடாமல் உன்னைப் புரட்டிப் படுக்கவைப்போம். மகன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "தண்ணி ஏறிருச்சா மச்சான்?" என்று கோணல் வாயால் சிரித்தாய். ஏறுது, இன்னும் கொஞ்சம்தான் என்பேன். எவ்வளவு ஆட்டியும் இந்த முறை சேறு உன்னை விடவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் உண்டு. என்னை விட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாது.

சிப்பி அடுப்பில் கொதிக்கும்போது கட்டில் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். கால் தரையில் பட்டது. உடம்பை இடமும் வலமுமாகச் சாய்த்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ஆளால் முடியாது என்று நீ சொன்னது சரிதான். என்னை அறியாமல், "சேர்ந்து அந்தப் பக்கம்!" என்று கத்திவிட்டேன்.

மகள் கரண்டியோடு ஓடிவந்தாள். "யாருகிட்டப்பா பேசுறீங்க?"

"இங்க வந்து நில்லு. நான் சாயறப்போ நீயும் சாயி. இழுக்காத, ஆட்டு."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தோளைக் கொடுத்தாள். அந்தப் பக்கம். இந்தப் பக்கம். இடுப்பு தீயாய் எரிந்தது. இன்னொரு முறை. கட்டில் என்னை விட்டது. சொந்தக் காலில் நின்றேன்.

வாய்விட்டுக் கத்தினேன் மச்சான், உன் குரலில்: "விட்டுருச்சிலா!"