மூன்றாவது இடத்துக்குப் போன தாம்பூலம்

786
சிங்கப்பூர்
12.3.1957

என் பிரியமுள்ள சந்திரமதிக்கு,

சுல்தானா எழுதுவது. இங்கே நானும் மச்சானும் மாமியும் நலம். உன் நலத்தை விசாரிக்கப் போவதில்லை. எங்கே விண்ணப்பிப்பது, கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று நாலு பக்கம் புலம்பியிருக்கிறாய், அதிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. பையன்கள் பள்ளியில் போய் உட்கார்ந்து ஆறாம் படிவம் முடித்தவள் எழுதுகிற கடிதமா அது?

நான் சொல்வதைக் கேள். மூன்று இடம் போடு. முதலாவது எட்டாத இடம், இங்கே பல்கலைக்கழகத்தில் மருத்துவம். இரண்டாவது எக்கினால் எட்டுகிற இடம், அதே பல்கலைக்கழகத்தில் கலைப்பிரிவு. மூன்றாவது, விழுந்தால் ஏந்திக்கொள்கிற இடம். மலாக்காவில் புதிதாக ஆசிரியர் பயிற்சி வகுப்பு தொடங்கப் போகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அது. உன் மதிப்பெண்ணுக்கு அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. மூன்றையும் போட்டுவிட்டு நிம்மதியாக இரு.

மருத்துவம் கிடைத்தால் எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும். மச்சானிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிவிட்டேன். எனக்குக் காலையில் அடுப்படி, மத்தியானம் அடுப்படி, சாயங்காலம் மாமியின் முழங்கால் வலி. மச்சானைக் கல்யாணம் கட்டி வந்து இரண்டு வருஷமாகிறது, இந்தத் தெருவின் அடுத்த முனை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நீ வந்தால் உன் புத்தகங்களையாவது புரட்டுவேன். பள்ளியில் கணக்கில் யார் முதல் என்று மறந்துவிடவில்லையே?

உன்
சுல்தானா


காஜா பேராங், மலாக்கா
4.4.1957

அன்புள்ள சுல்தானா,

மூன்றும் போட்டாயிற்று. அப்பாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "ஒரு பொண்ணுக்கு ஒரே நேரத்துல மூணு வீட்டுக்கு ஜாதகம் அனுப்புவாங்களா? நாளைக்கு மூணு பேரும் சரின்னா யாரு மூஞ்சியில முழிக்கிறது?" என்று கேட்கிறார். கல்லூரியும் சம்பந்தமும் ஒன்றில்லை அப்பா என்றேன். "பேச்சு பேச்சுதாம்மா, எங்க குடுத்தா என்ன?" என்றார்.

அவரை உனக்குத் தெரியாதா? முனிசிபல் ஆபீசில் கணக்கெழுதும் சாதாரண கிராணிதான். ஆனால் கோயில் கமிட்டியில் சண்டை வந்தால் மாணிக்கவாசகம் சொல்லட்டும் என்றுதான் இரண்டு தரப்பும் காத்திருக்கும். அவர் சொன்ன சொல்லை மாற்றி நான் பார்த்ததில்லை.

எனக்கு மருத்துவம் வேண்டும், சுல்தானா. வெளியே சொல்லப் பயமாக இருக்கிறது, உன்னிடம் சொல்கிறேன். வேறு எதுவும் வேண்டாம்.

உன்
சந்திரமதி


காஜா பேராங்
9.7.1957

அன்புள்ள சுல்தானா,

மூன்றாவது இடம் முந்திக்கொண்டது. பயிற்சி வகுப்பில் என்னை எடுத்துக்கொண்டார்களாம். செப்டம்பரில் தொடக்கம். முதல் நாளே கையெழுத்துப் போட வேண்டும், படித்து முடித்தபின் ஐந்து வருஷம் அவர்கள் அனுப்புகிற பள்ளியில் வேலை பார்ப்பதாக. பல்கலைக்கழகத்திலிருந்து இன்னும் ஒரு வார்த்தை இல்லை.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் உஜோங் பாசிரில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அப்பா வெள்ளை வேட்டி, கோட்டு எல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தெங்கேராவில் குடியிருக்கும், பயிற்சி வகுப்பின் தலைமை மிஸ் வீட்டுக்குப் போய் வந்தாராம். தட்டில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாம் வைத்து, "எம் பொண்ண உங்க கிட்ட ஒப்படைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஒரு வெள்ளைக்காரியிடம்! அம்மா என்னடா என்றால் பாயசம் வைத்துவிட்டாள். நான் அதைத் தொடவில்லை.

உன்
சந்திரமதி


786
சிங்கப்பூர்
17.7.1957

என் பிரியமுள்ள சந்திராவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்த சிரிப்பில் மாமி எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று தண்ணீர் ஓதிக் கொடுத்தார். பாவம் அந்த மிஸ்! பெண் பார்க்காமலே நிச்சயம் முடிந்துவிட்டது.

கவலைப்படாதே. அது ஏந்திக்கொள்கிற இடம்தான், பிடித்துக்கொள்கிற இடம் இல்லை. மேலே இடம் கிடைத்தால் நன்றி சொல்லி எழுதிவிட வேண்டியதுதான். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். மாடிப் பின்னறைக்கு நேற்று வெள்ளையடித்தார்கள். ஜன்னல் பக்கம் நீ, சுவர் பக்கம் நான்.

உன்
சுல்தானா


காஜா பேராங்
14.8.1957

சுல்தானா,

கிடைத்துவிட்டது. மருத்துவம்! அக்டோபரில் வரச் சொல்கிறார்கள்.

அப்பாவிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "கெட்டிக்காரி" என்று என் தலையில் கை வைத்தார். அவர் கண் கலங்கியதைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்துவிட்டேன். பிறகு, "ஆனா வாக்குக் குடுத்துட்டேனேம்மா" என்றார். அழுது பார்த்தேன், இரண்டு வேளை சாப்பிடாமலும் இருந்து பார்த்தேன். அவரும் சாப்பிடவில்லை. கத்தினால் எதிர்த்துக் கத்தலாம். தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதரை நான் என்ன செய்வது?

ஏதாவது வழி சொல்லு.

உன்
சந்திரமதி


786
சிங்கப்பூர்
19.8.1957

சந்திரா,

அழாதே. அந்த மூன்றாவதைப் போடச் சொன்னவள் நான், அதனால் வழியும் நானே சொல்கிறேன்.

அப்பாவிடம் ஒன்று கேள். அந்த மிஸ் தட்டை வாங்கிக்கொண்டாரா, திருப்பிக் கொடுத்தாரா? மச்சானின் சிநேகிதர் ஒருவர் சுங்கத்தில் வேலை பார்க்கிறார். அரசாங்கத்து ஆட்கள் யாரிடமும் எதையும் வாங்கக் கூடாதாமே. தட்டு திரும்பி வந்திருந்தால் உங்கள் வழக்கப்படியே நிச்சயம் ஆகவில்லை. அப்பாவை அவருடைய சட்டத்தாலேயே மடக்கு.

அதற்கும் அசையாவிட்டால் நீயே நேரில் போய் அந்த மிஸ்ஸிடம் வரவில்லை என்று சொல்லிவிடு. மிச்சத்தை இங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம். உனக்காக மட்டும் சொல்கிறேன் என்று நினைக்காதே. நீ வராவிட்டால் நான் இந்த அடுப்படியிலேயே கருகிப்போவேன்.

உன்
சுல்தானா


காஜா பேராங்
1.9.1957

அன்புள்ள சுல்தானா,

நீ சொன்னபடியே கேட்டேன். நீ சொன்னது சரிதான், தட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். ஆனால் அப்பாவின் மனம் நோகக் கூடாது என்று ஒரே ஒரு பழத்தைப் பிய்த்து மேசைமேல் வைத்துக்கொண்டாராம். ஒரு பழம்தானே அப்பா என்றேன். "ஒண்ணா பத்தான்னு யாரும்மா எண்ணுவா? எடுத்துக்கிட்டாங்கல்ல" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

வியாழக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் தெங்கேராவுக்குப் போனேன். மிஸ் நல்லவர். உட்காரச் சொன்னார், தேநீர் கொடுத்தார். வேறு எங்காவது இடம் கிடைத்திருக்கிறதா என்று அவரே கேட்டார். மருத்துவம் என்றேன். எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். "தாராளமாகப் போ. உன் இடத்துக்குக் காத்திருப்பவர்கள் எத்தனையோ பேர்" என்றார். அவ்வளவு சுலபம், சுல்தானா. கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லை.

அப்பா வாக்குக் கொடுத்துவிட்டதாக வருத்தப்படுகிறார் என்றேன். "உன் அப்பாவா? நினைவிருக்கிறது. நாற்காலி போட்டும் உட்காரவே இல்லை. அதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அவரிடம் சொல்" என்று சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, பிரியமாகத்தான் சிரித்தார்.

ஒன்றுமே இல்லையாம். அந்த வெயிலில் கோட்டுப் போட்டுக்கொண்டு, தட்டைத் தாங்கியபடி நடந்து போன மனிதர். என்னைக் கொடுக்கிறோம் என்று நினைத்து அங்கே நின்றவர். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அப்படியானால் விலகிக்கொள்கிறாயா?" என்று கேட்டார். என் வாயில் வந்தது இதுதான்: "இல்லை மிஸ், வகுப்பு எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று கேட்கத்தான் வந்தேன்."

எட்டரை மணிக்காம்.

வரும் வழியெல்லாம் அழுதேன். தியாகம் என்றெல்லாம் நினைத்துவிடாதே. வாய் தவறிச் சொன்னதை மாற்றத் தைரியமில்லை, அவ்வளவுதான். நேற்று ஊரெல்லாம் மெர்டேக்கா, சுதந்திரம் வந்தது என்று கூத்தாடியது. அப்பா என்னைப் பாடாங் திடலுக்கு அழைத்துப் போனார். எனக்கு எல்லோர்மேலும் எரிச்சலாக இருந்தது. இன்று மருத்துவத்துக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டுவிட்டேன். நான் மிஸ்ஸிடம் போனது அப்பாவுக்குத் தெரியாது. நீயும் யாரிடமும் சொல்லாதே.

உன்
சந்திரமதி


786
சிங்கப்பூர்
8.9.1957

சந்திரமதிக்கு,

உன்னைத் திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதிய இரண்டு தாளையும் கிழித்துப் போட்டேன். உன் அப்பாவை எனக்கும் பிடிக்கும். உன் இடத்தில் நான் இருந்தாலும் அந்த அறையில் அதையேதான் சொல்லியிருப்பேன். அது தெரிவதால் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

எனக்கென்று போட ஒரு இடம்கூட இருக்கவில்லை. எட்டாததும் இல்லை, ஏந்துவதும் இல்லை. நீ ஒருத்திதான் என் மூன்று இடமும். அதை உன்னைக் கேட்காமல் உன் தலையில் ஏற்றியது என் தப்பு என்று புத்திக்குத் தெரிகிறது. மனசுக்குத் தெரியவில்லை.

வகுப்புக்கு நேரத்தோடு போ. நன்றாகச் சொல்லிக் கொடு. கணக்கு வராத பெண் யாராவது இருந்தால் அடிக்காதே.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். நீ எழுதினால் நான் மன்னித்துவிடுவேன். எனக்கு இப்போது மன்னிக்க மனமில்லை.

சுல்தானா