துப்பாக்கி நிலையத்தில், போல்ட் பருப்பு டப்பாவில்

அனுப்புநர்
திருமதி ச. அபிதகுஜாம்பாள் (வயது 61),
க/பெ. மறைந்த சாம்பசிவன்,
பி-3, இரண்டாம் தளம்,
ஏரிக்கரைத் தெரு, செம்பாக்கம்.

பெறுநர்
படைக்கல உரிமம் வழங்கும் அதிகாரி அவர்கள்,
சென்னைத் தென்புறநகர்.

பொருள்: தேர்தலுக்காக ஒப்படைத்த 0.22 விளையாட்டுத் துப்பாக்கி இன்றுவரை திருப்பித் தரப்படாதது – தனியாக வசிப்பதைக் காரணம் காட்டி உரிமத்தை ரத்து செய்ய உத்தேசித்திருப்பது – விளக்கமும் வேண்டுகோளும்.

பார்வை: 1. துப்பாக்கி ஒப்படைப்பு ரசீது, நாள் 20.3.2024.
2. எனக்கு வந்த விளக்கம் கேட்கும் அறிவிப்பு, நாள் 19.8.2024.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அறிவிப்பில் பதினைந்து நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்றிருக்கிறது. இன்று பதினான்காம் நாள். முதல் பத்து நாட்கள் கோபத்திலேயே போய்விட்டன. கோபத்தில் எழுதிய மூன்று மனுக்களைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். இதிலும் எங்காவது காரம் தெரிந்தால் வயதைக் கருதிப் பொறுத்தருள வேண்டும்.

2. நான் குரோம்பேட்டையில் ஒரு தனியார் அச்சகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் கணவர் 2021 ஜனவரியில் காலமானார். மேற்படி துப்பாக்கி அவருடையது. வாரம் ஆறு நாள் அலுவலகம், ஏழாம் நாள் வண்டலூருக்கு அப்பால் உள்ள சங்கத்தின் சுடுதளம். இருபத்திரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமையில் வீட்டில் இருக்கும் புருஷன் எனக்கு வாய்க்கவில்லை. அந்தக் கட்டையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நான் கேட்காத வாரமில்லை. அவர் சிரிப்பாரே தவிர பதில் சொன்னதில்லை.

3. உரிமதாரர் இறந்தால் வாரிசு அந்த ஆயுதத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம், அல்லது கொடுத்துவிடலாம். கொடுத்துவிடும் எண்ணத்தோடுதான் சங்கத்துக்குப் போனேன். தளத்தைப் பார்த்துக்கொள்ளும் திரு. பிரிட்டோ, "குடுக்கறதுன்னா குடுத்துடுங்கக்கா. ஒரு தடவ படுத்துப் பாத்துட்டுக் குடுங்க" என்றார். புடவையில் படுத்துச் சுட முடியாது. அடுத்த நாள் தாம்பரம் மார்க்கெட்டில் என் வாழ்க்கையின் முதல் சுடிதாரை வாங்கினேன். இந்த மனுஷர் வாராவாரம் எதைப் பார்க்கப் போனார் என்று தெரிந்துகொள்ளாமலே அதைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. உரிமம் என் பெயருக்கு மாற ஓராண்டு ஆயிற்று. அதற்குள் அஸ்தினாபுரத்து வாடகை வீட்டைக் காலி செய்து செம்பாக்கத்துக்கு வந்துவிட்டேன்.

4. அறிவிப்போடு வந்த காவல் நிலைய அறிக்கையை எழுதியவர் ஆயுதத்தின் தன்மையை அறிந்ததாகத் தெரியவில்லை என்பதால் சொல்கிறேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு சின்னத் தோட்டாவைக் கையால் வைத்து, போல்ட் என்னும் இரும்புத் தாழை முன்னே தள்ளிக் கீழே மடக்கிச் சுட வேண்டும். மறுபடி சுட, மறுபடி முதலிலிருந்து. அவசரக்காரர்களுக்கு அது உதவாது. ஐம்பது மீட்டர் தொலைவில் காகித அட்டை. அதன் நடுவே பத்துப் புள்ளிக்கான வட்டம் ஒரு பட்டாணி அளவு. முதல் நாள் பத்துத் தோட்டாவில் நான்கு அட்டையில் பட்டன. அதில் ஒன்று பக்கத்துக்காரர் அட்டையில். முப்பத்தொரு ஆண்டு காற்புள்ளி, அரைப்புள்ளி பார்த்த கண் என்ற கர்வம் அன்றோடு போயிற்று.

5. மூச்சை எங்கே நிறுத்துவது, விசையை எப்படி அழுத்துவது என்பதெல்லாம் மூன்று மாதத்தில் வந்துவிட்டது. வராதது ஒன்றுதான். சுட்டவுடன் எங்கே பட்டது என்று தலையைத் தூக்கிப் பார்த்துவிடுவேன். தலை தூக்கினால் குறி கெடும். பிரிட்டோ சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்: "குண்டு போய்டும்க்கா. நீங்க போவாதீங்க. கொஞ்ச நேரம் அங்கயே இருங்க." அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஓராண்டு பிடித்தது.

6. இன்னொன்றும் உண்டு. என் குண்டுகள் எல்லாம் இடப்பக்கம் கீழேயே விழுந்தன. குறி பார்க்கும் சைட் என் கணவரின் கண்ணுக்கு வைத்த அளவில் இருந்தது. அதன் திருகைச் சில சொடுக்கு திருப்பினால் சரியாகிவிடும். நான் திருப்பவில்லை. அவர் கை கடைசியாக வைத்த அளவு அது. நான்கு மாதம் தோற்றுக்கொண்டே சுட்டேன். ஐந்தாம் மாதம் ஒரு ஞாயிறன்று, பழைய அளவை அவருடைய நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்துக்கொண்டு, வலப்பக்கம் ஆறு, மேலே நான்கு என்று திருப்பினேன். அன்றைக்குத்தான் எனக்கு முதல் பத்து விழுந்தது. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து, கூடத்தில் நின்று, "பத்து" என்று சத்தமாகச் சொன்னேன். சொல்ல வேறு ஆள் இல்லை. இவ்வளவையும் மனுவில் எழுதலாமா என்று எனக்குத் தெரியவில்லை, ஐயா. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

7. இனி என் தவறு. தேர்தல் அறிவித்ததும் உரிமதாரர்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. விளையாட்டு வீரர்களுக்கு விலக்குக் கடிதம் வாங்கித் தருவதாகவும், சில நாள் பொறுக்குமாறும் சங்கச் செயலாளர் திரு. ஸ்ரீரங்கன் சொன்னார். சட்டம் என்றால் சட்டம் என்று நான் முதல் ஆளாக ஆட்டோ பிடித்துப்போய் எங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை என்று ஸ்ரீரங்கன் இன்றும் சொல்கிறார். எங்கள் சங்கத்து வழக்கப்படி துப்பாக்கியும் போல்ட்டும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது. துப்பாக்கியைப் பீரோவிலும் போல்ட்டைத் துவரம்பருப்பு டப்பாவின் அடியிலும் வைப்பது என் கணவர் காலத்து ஏற்பாடு. நான் பீரோவிலிருந்ததை மட்டும் எடுத்துப்போய்க் கொடுத்தேன். ரசீது எழுதியவரும் "துப்பாக்கி – 1" என்று எழுதிக் கொடுத்தார். பிறர் விட்டதையெல்லாம் கண்டுபிடித்தவள், நான் விட்டதைப் பார்க்கவில்லை. முழுப் பொறுப்பும் என்னுடையது.

8. வாக்கு எண்ணிக்கை முடிந்து ஜூனில் போய்க் கேட்டபோது வேறொருவர் பணியில் இருந்தார். போல்ட் எங்கே என்றார். பருப்பு டப்பாவில் இருக்கிறது என்றேன். உண்மையைச் சொன்னதற்கு இவ்வளவு பேர் சிரித்து நான் பார்த்ததில்லை. இன்றைக்கே கொண்டுவருகிறேன் என்றும் சொன்னேன். விசாரணை முடியட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். "முக்கிய பாகத்தை மறைத்து வைத்துள்ளார்" என்று நிலையத்தில் எழுதியிருப்பதைப் பிறகு அறிந்தேன். மறைத்தவள் இருக்கும் இடத்தைச் சொல்வாளா என்பதை ஐயா அவர்களே யோசிக்க வேண்டும்.

9. ஜூலையில் விசாரணைக்கு ஒரு காவலர் வந்தார். மரியாதையானவர், தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். வீட்டில் வேறு யார் என்று கேட்டார். யாருமில்லை என்றேன். என்னை நன்கு அறிந்த அக்கம்பக்கத்தார் இருவர் பெயரைச் சொல்லச் சொன்னார். எங்கள் கட்டடத்தில் பதினெட்டு வீடுகள். எனக்கு வீட்டு எண்கள் தெரியும், பெயர் ஒன்றும் வாயில் வரவில்லை. கடைசியில் அவரே எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். அங்கே வசிக்கும் திரு. ஷ்யாம்சுந்தர், "ஆன்ட்டி பேர் தெரியாது சார். நீளமா ஒரு பை எடுத்துட்டுப் போவாங்க. வீணை கிளாஸ்னு நெனச்சேன்" என்றார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. பஸ் கண்டக்டர்கூட வீணையா அம்மா என்றுதான் கேட்பார். ஆமாம் என்பேன், சண்டை எதற்கு என்று.

10. அறிக்கையின் முடிவு இப்படி இருக்கிறது: "மனுதாரர் தனியாக வசிக்கிறார். அக்கம்பக்கத்தாருக்கு இவரைத் தெரியவில்லை. ஆயுதம் பற்றி அவர்களிடம் மறைத்துள்ளார். இவருக்கு ஆயுதம் வைத்திருக்க அவசியம் இல்லை." நான்கு வாக்கியம். முதல் இரண்டும் உண்மை. தனியாக வசிப்பது எந்தப் பிரிவின்கீழ் குற்றம் என்று தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுவரி வசூலிக்க வந்தவர் இன்னொரு ஆளைக் கூப்பிடுங்கள் என்று சொல்லவில்லை. எந்தத் தேர்தலுக்காகத் துப்பாக்கியைக் கொடுத்தேனோ அந்தத் தேர்தலில் தனியாகத்தான் வரிசையில் நின்றேன், தனியாகத்தான் ஓட்டுப் போட்டேன். என்னை அறிந்தவர் இருவர் வேண்டும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

11. அவசியம் இல்லை என்பதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். திங்கள் முதல் சனி வரை எனக்கு வரும் அழைப்புகள் கேஸ் சிலிண்டருக்கும் கடன் வேண்டுமா என்பதற்கும்தான். ஞாயிறன்று சுடுதளத்தின் ஏழாம் எண் இடத்தில் படுத்திருப்பேன். பிரிட்டோ தொலைநோக்கியில் பார்த்து, "அக்கா, எட்டு, கொஞ்சம் வலது" என்பார். வாரத்தில் ஒரு மனிதர் என்னைக் கூப்பிட்டு, நான் செய்ததைப் பார்த்துச் சொல்வது அது ஒன்றுதான். பெயர் எழுதாத பத்து அட்டைகளைக் கலந்து வைத்தாலும் என்னுடையதை அவர் எடுத்துவிடுவார். என்னை நன்கு அறிந்தவர் யார் என்று காவலர் கேட்டபோது அவர் பெயரைத்தான் சொன்னேன். அவர் குன்றத்தூரில் வசிப்பதால் அக்கம்பக்கத்தார் ஆகமாட்டார் என்று விட்டுவிட்டார்கள். சொந்தத் துப்பாக்கி கையில் இல்லாத உறுப்பினர் தளத்துக்குள் வரக்கூடாது என்பது சங்க விதி. இரவல் துப்பாக்கியும் கிடையாது. இத்தோடு இருபத்து நான்கு ஞாயிறு ஆகிவிட்டது.

12. மழைக்காலம் வருகிறது. மூடிய அறையில் எண்ணெய் போடாமல் வைத்தால் குழல் துருப்பிடிக்கும். அந்தச் சைட்டில் இப்போது இருப்பது என் அளவு. அவருடைய அளவு நோட்டில் இருக்கிறது. இரண்டுக்கும் உரிய துப்பாக்கி ஒன்றுதான், வேறு வாங்கினாலும் அது ஆகாது.

13. அக்கம்பக்கத்தார் சான்று இல்லாமல் இந்த மனு நிற்காது என்று ஸ்ரீரங்கன் சொன்னதால், நேற்று ஞாயிறு மாலை எதிர்வீட்டு அழைப்பு மணியை அழுத்தினேன். இங்கே வந்த இத்தனை நாளில் அதுவே முதல் தடவை. திரு. ஷ்யாம்சுந்தரின் மனைவி திருமதி ஸ்ரீவித்யா கதவைத் திறந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, கையெழுத்து மட்டும் போட முடியாது, தனக்குத் தெரிந்ததை எழுதித் தருகிறேன் என்றார். எழுதியதை இணைத்துள்ளேன். பழக்கதோஷத்தில் பேனா கைக்கு வந்தது. ஆனாலும் ஓர் எழுத்தையும் நான் திருத்தவில்லை.

14. ஆகவே, (அ) உரிமத்தை ரத்து செய்யும் உத்தேசத்தைக் கைவிட்டுத் துப்பாக்கியைத் திருப்பித் தரவும், (ஆ) அதற்கு நாளாகுமானால், வாரம் ஒருமுறை நிலையத்துக்கு வந்து, காவலர் முன்னிலையில், அதற்கு எண்ணெய் போட்டுவிட்டுப் போக அனுமதிக்கவும், (இ) போல்ட்டை எப்போது, யாரிடம் கொண்டுவர வேண்டும் என்று தெரிவிக்கவும் வேண்டுகிறேன். எந்த நாள், எந்த நேரம் சொன்னாலும் வருவேன். எனக்கு வேறு வேலை எதுவும் இல்லை.

தங்கள் நல்ல உத்தரவை எதிர்நோக்கும்,
ச. அபிதகுஜாம்பாள்

இடம்: செம்பாக்கம்
நாள்: 2.9.2024

இணைப்பு: எதிர்வீட்டார் எழுதித் தந்தது

நான் பி-4 ஸ்ரீவித்யா. எதிர்வீட்டு ஆன்ட்டி பேர் அபிதகுஜாம்பாள்னு இன்னைக்குத்தான் தெரியும். அவங்ககிட்ட துப்பாக்கி இருக்குன்னும் இன்னைக்குத்தான் தெரியும். அதனால அவங்களை நல்லா தெரியும்னு என்னால எழுத முடியாது. ஆனா ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சரைக்கு அவங்க கதவு பூட்டற சத்தம் கேக்கும். பூட்டிட்டு ரெண்டு தடவ இழுத்துப் பாப்பாங்க. அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் எழுந்து பால் காய்ச்சுவேன். மார்ச்லேர்ந்து அது கேக்கல. ஊருக்குப் போயிட்டாங்கன்னு நெனச்சேன். யார்கிட்டயாவது கேக்கணும்னு தோணிச்சு, கேக்கல. இங்கயேதான் இருந்திருக்காங்க.

ஸ்ரீவித்யா
1.9.2024