களைக்குது என்றால் சோர்வு இல்லை

என் அன்பு றஞ்சிக்கு,

எழுவைதீவில் என்ன புதினம் என்று கேட்பீர். எங்கள் சின்ன மருந்தகத்துக்கு ஒரு கருவி வந்திருக்கிறது. நோயாளி தமிழில் சொல்வதைக் கேட்டு, எடுத்த இதய வரைபடத்தையும் பார்த்து, அவசரமா இல்லையா என்று செயற்கை நுண்ணறிவால் கணித்து யாழ்ப்பாணத்து டொக்டருக்கு அனுப்பும். டொக்டர் தினமும் வராத தீவில் தாதியாகத் தனியே முடிவெடுத்து நான் பட்ட பாடு உமக்குத் தெரியாததா?

போன மாரிக்காலத்தில், உம்மோடு கருவாடு காயப்போட்ட மேரியக்கா வந்தா. "ரெண்டு நாளாக் களைக்குது தம்பி, படுக்க ஏலாமல் கிடக்கு" என்றா. கருவி அதை 'உடற்சோர்வு, அவசரமில்லை' என்று எழுதியது.

வெளியூராருக்குக் களைப்பு என்றால் சோர்வு. எங்களுக்கு மூச்சு வாங்குவது. இறங்குதுறையிலிருந்து வரும்போது நீர் பாதி வழியில் நின்று, "களைக்குதப்பா, கொஞ்சம் இருப்பம்" என்பீர். உம்முடைய இதயம் அப்போதே பழுதாகியிருந்தது. அந்தச் சொல்லை நான் பிழையாக விளங்குவேனா?

அக்காவின் வீங்கிய காலை அழுத்தினேன். விரல் குழியாகப் பதிந்தது. உடனே டொக்டரை அழைத்தேன். கருவி அவசரமில்லை என்கிறதே என்றார்.

"அதுக்குப் பிழையா விளங்கியிருக்கு, டொக்டர். அவவுக்கு மூச்சு எடுக்க ஏலாது. நான் படகில ஏத்திறன்."

அவர் ஏற்றுக்கொண்டு, அக்கரை ஊர்காவற்றுறையில் அம்புலன்ஸ் காத்திருக்கும் என்றார். கடல் குழம்பியிருந்ததால் படகுக்காரர் தயங்கினார். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் எஞ்சினை இயக்கினார்.

நுரையீரலில் நீர் கோத்திருந்ததாம். இப்போது மருந்துக் குளிசை போட்டுக்கொண்டு நடமாடுகிறா.

கருவியைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள் ஊரில் சிலர். நான் மறுத்துவிட்டேன். பிறகு ஒரு மீனவரின் இதய வரைபடத்தில் நான் கவனியாததை அது பிடித்தது. எனக்கு அது வேண்டும். ஆனால் எங்கள் பேச்சு அதற்கு விளங்க வேண்டும். டொக்டரும் நானும் கருவியைச் செய்தவர்களுக்கு எழுதினோம். உங்கள் ஆட்களே பேசிப் பதிந்து தருவார்களா என்று கேட்டார்கள்.

இப்போது சனிக்கிழமைகளில் பெண்கள் வந்து தங்கள் நோய் வருத்தங்களைச் சொல்லிப் பதிகிறார்கள். முதல் ஆள் மேரியக்காதான். நிறுத்தவே மனமில்லை அவவுக்கு. "என்ரை வருத்தத்தை ஒருத்தரும் இவ்வளவு நேரம் கேக்கேல்லை" என்றா.

நீர் கண்மூடிய பிறகு உம்முடைய குரல் மட்டும் எங்கேயும் இல்லை. ஏன் ஒருநாளாவது பதிந்து வைக்கவில்லை நாங்கள்?

மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாள். இப்போதைக்கு ஏலாது என்றுவிட்டேன். எங்கள் சனம் சொல்வது கருவிக்கு விளங்கும்வரை ஓயமாட்டேன், றஞ்சி. விளங்கிய பிறகும், ஒருவரையும் தொட்டுப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பமாட்டேன்.

இப்போதும் உம்முடைய வீட்டுக்காரன்,
தேவன்