மைக்ரோவேவுக்கு வைத்த சந்தனம்

அன்பு மகள் தினேஸ்வரிக்கு,

புந்தோங்கிலிருந்து அப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே நானும் நலம், நான் ஓட்டுகிற பழைய காடியும் நலம். அதேபோல் பெர்த்தில் நீயும் மாப்பிள்ளை ரூபனும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். வாரம் தவறாமல் போனில் பேசுகிற மனுசன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் முதல் வரியிலேயே பதறிப்போய் மீதியைக் கேட்கமாட்டாய். காகிதம் என்றால் கடைசிவரை படித்துத்தானே ஆக வேண்டும்.

ஆயர் தாவாரில் உன் அத்தை கலாதேவி சுகம். அவள் மகன் தனேஷுக்குக் கமுந்திங்கில் வேலை கிடைத்துவிட்டது, அத்தை தன் தெரு முழுக்கச் சொல்லி முடித்து இப்போது அடுத்த தெருவுக்குப் போயிருக்கிறாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ வாங்கிக் கொடுத்த மைக்ரோவேவ் ஆயுத பூசைக்கு மறுநாள் படுத்துவிட்டது. பதறாதே, மேலே படி. பாலை அடுப்பில் வைத்துவிட்டு நான் கண்ணயர்ந்து, சட்டி கருகி வீடெல்லாம் புகையான அன்றைக்கு நீ என்ன சொன்னாய்? “இனிமே கேஸ் அடுப்பத் தொடக்கூடாதுப்பா, இந்த மைக்ரோவேவும் சரிவரலன்னா வீட்டப் பூட்டிட்டு இங்க வந்துருங்க” என்றாய். நானும் சரியென்று வாக்குக் கொடுத்தேன். ஆக, அது படுத்தால் நான் பெட்டி கட்ட வேண்டியதுதான். நிஜமாகவே பயந்துபோனேன் அம்மா.

உள்ளே விளக்கு எரிகிறது, பொத்தானை அழுத்தினால் தட்டு சுற்றவில்லை, சத்தமும் இல்லை. பிளக்கைச் சந்தேகப்பட்டு அதே இடத்தில் காற்றாடியைச் செருகினேன், ஜம்மென்று சுற்றியது. டவுனில் ஒரு கடைக்காரனைக் கேட்டால், பார்க்காமலே “செய்ய முடியாது அங்கிள், புதுசு வாங்கிருங்க” என்கிறான். லாரி எஞ்சினையே பிரித்துப் போட்டவனுக்கு இந்தப் பெட்டி எம்மாத்திரம் என்று ரோசம் வந்து ஸ்குரூ டிரைவரை எடுத்துவிட்டேன். நல்லவேளை, கேக் கொண்டுவந்த பக்கத்து வீட்டு பமேலா பார்த்துவிட்டாள். “ஐயோ அண்ணே, வேணாம் லா! பிளக்கப் புடுங்குனாலும் உள்ள கரண்டு நிக்கும், ஆளத் தூக்கிரும்” என்று கத்தி அதைப் பிடுங்கிக்கொண்டாள். பிறகு கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாள். “டக்குன்னு பூட்டலையே அண்ணே. சாத்துனாலும் வெளக்கு அணையல. கதவு இன்னும் தொறந்திருக்குன்னு அது நெனச்சிக்கிட்டு இருக்கு” என்றாள்.

குனிந்து பார்த்தால், கதவின் கொக்கி போய் மாட்டுகிற இரண்டு ஓட்டையிலும் சந்தனம்! கல்லாய்க் காய்ந்து கிடக்கிறது, மேலே குங்குமம் வேறு. பூசையன்று காடிக்கு ஒரு பொட்டோடு நிறுத்தியவன், இப்போது வீட்டிலேயே பெரிய ஆயுதம் இதுதானே என்று, வாசல் நிலைக்கு வைப்பதுபோல் இதன் கதவைத் திறந்து நிலையிலும் தாராளமாய் அப்பியிருக்கிறேன். பமேலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “சாமி கும்புடுறேன்னு மிஷின் வாயக் கட்டிட்டீங்களே அண்ணே” என்கிறாள். மாதா கோயிலுக்குப் போகிறவளிடம் இந்தப் பேச்சு வாங்க வேண்டியதாயிற்று. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பல் குச்சியால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, நன்றாய்க் காயவிட்டு மூடினேன். டக்! ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்தேன், ஆவி பறக்கச் சுட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சிரிக்காதே.

ஒன்றைக் கவனி. அது கெட்டுக்கிடந்த நாளெல்லாம் நான் கேஸ் அடுப்புப் பக்கமே போகவில்லை. காலையில் பசியாறக் கடை ரொட்டி சானாய், மதியத்துக்குக் கடைச்சோறு என்று ஓட்டினேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன், நீயும் கொஞ்சம் என்னை நம்பு. இந்த ஊரில் என்னைத் திட்டவும் ஆள் இருக்கிறது, தடுக்கவும் ஆள் இருக்கிறது. உன் வீட்டுக்கு வரவே மாட்டேன் என்று சொல்லவில்லை. உன்னைப் பார்க்காமல் எனக்கும்தான் ஏக்கமாய் இருக்கிறது.

தீபாவளிக்கு மறக்காமல் இரண்டு பேரும் எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள். மாப்பிள்ளையை வேலை வேலை என்று அலையவிடாதே. நீங்கள் பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ வேண்டும், அதை நான் கண்ணாரப் பார்க்க வேண்டும். கடைசியாய் ஒன்று: பயத்தில் என்னைக் கூப்பிடாதே அம்மா, வரமாட்டேன். ஆசையில் கூப்பிடு, மறுநாளே விமானம் ஏறிவிடுகிறேன்.

உன் அப்பா,
சீனி